ஒரே ஒரு மெட்டல் கியர்

போன வாரம் ஸ்டேப்ளர் பின் தேடி மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தேன். பின் கிடைக்கவில்லை. இந்த வீட்டில் தேடுவது கிடைக்காது, தேடாததெல்லாம் வரிசையாக வரும். காலாவதியான பத்திரிகையாளர் அட்டை வந்தது. மூடி இல்லாத பேனாக்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பருத்த ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அதன் தலையில் விரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கை. பக்கவாட்டில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று வயர்கள்.

கையைப் பிடித்துத் திருப்பினேன். கரகரவென்று கொஞ்ச தூரம் வந்தது. ஓர் இடத்தில் பிடிமானம் விட்டு வழுக்கியது. மறுபடி பிடித்தது. உள்ளே ஒரு பல்சக்கரத்தில் பல் போயிருக்கிறது. எனக்கு அது தெரியும். அந்தப் பல் போன நேரத்தில் பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கெண்ணெய் வாசனை இன்னும் இருப்பதுபோல் பட்டது. பன்னிரண்டு வருடம் தாங்கியிருக்காது. ஆனால் அப்போது குடியிருந்த மத்திகிரி வீட்டின் முன்னறை முழுவதும் அந்த வாசனைதான் இருந்தது என்பதை மூக்கு தானாகவே எடுத்துக் கொடுத்தது.

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு சர்வோ என்று பெயர். ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரிகளுக்குள் இருக்கும். பொம்மை என்று சொன்னால் மாதேஷ் கோபித்துக்கொள்வான். பெட்ரோல் போன்ற ஒரு தனி எரிபொருளில் ஓடும் நிஜ எஞ்சின் வைத்த வண்டி அது. அந்த எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். வண்டிக்குள் இரண்டு சர்வோ. ஒன்று ஸ்டியரிங்குக்கு: முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்பும். இன்னொன்று த்ராட்டிலுக்கு: ஒரு பக்கம் சாய்ந்தால் எஞ்சினுக்குக் காற்றுவாயைத் திறக்கும், மறுபக்கம் சாய்ந்தால் பிரேக்கை அழுத்தும். திரும்ப ஒன்று, ஓடவும் நிற்கவும் ஒன்று. இவ்வளவுதான் விஷயம். இதற்குள் மூன்று பேர் பத்து நாள் வாதாடினோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் வாதாடினோம்.

மூன்று பேர் என்றால், மாதேஷ், சுடலை, நான். ஓசூரை அடுத்த மத்திகிரியில் அரசு கால்நடைப் பண்ணைக்குப் போகிற சாலையில் ஒரு வாடகை வீடு. காற்று ஒரு பக்கம் திரும்பினால் சாணி வாசனை, மறுபக்கம் திரும்பினால் தொழிற்சாலைகளின் பெயின்ட் வாசனை. மாதேஷ் ஊத்தங்கரைப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்து, வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னியாக மூன்றாவது வருடத்தில் இருந்தான். சுடலை அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு, நிரந்தர ஊழியர், சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். என் வேலை செய்தி எழுதுவது. செய்தி என்று கௌரவமாகச் சொல்கிறேன். ஐப்பசி பிறந்தால் சானமாவுக் காட்டில் எத்தனை யானை நிற்கிறது என்று எழுதுவேன், தை பிறந்தால் அவை எத்தனை ஏக்கர் ராகியைத் தின்றன என்று எழுதுவேன். புரட்டாசியில் ஆயுத பூஜைச் சிறப்பிதழான பூஜை மலருக்கு விளம்பரம் சேகரிப்பேன்.

வண்டி மாதேஷுக்கு வந்த கதை எளிது. தொழிற்சாலைக்கு இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது அதை விட்டுவிட்டுப் போனார். யாரும் தொடாமல் ஸ்டோர் அறையில் கிடந்தது. மாதேஷ் கேட்டு வாங்கி வந்து, நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டான். பண்ணைக்கு வெளியே இருந்த மேட்டில் முதல் முறை அது உறுமியபோது மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எஞ்சின் உயிர் பெற்றதே தவிர, சர்வோக்கள் இரண்டும் செத்துப்போயிருந்தன.

அவனுக்கு வண்டி பொழுதுபோக்கு மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. மூன்றாம் வருட முடிவில் ட்ரெய்னிகளில் சிலரை நிரந்தரம் செய்வார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். அவனுடைய அணியில் நாற்பது பேர். தாய்மாமன் மகளை அவனுக்குத் தருவதா என்பதை மாமன் அந்த முடிவோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையின் முன்முற்றமான யார்டில் ஒவ்வொரு பிரிவும் ஏதாவது செய்து காட்டுவது வழக்கம். தகடு அழுத்தும் பிரஸ் பிரிவின் சார்பில் மாதேஷின் லாரி, தலைமை மேலாளருக்கு முதல் இனிப்பு டப்பாவைச் சுமந்து போகும் என்று முடிவானது.

"நாப்பது பேர்ல என் மூஞ்சி அவருக்குத் தெரியணும்ணா. தெரிஞ்சா போதும். லிஸ்ட் போடறப்ப ஒரு நிமிசம் நிப்பாரு இல்ல?" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் சர்வோ வாங்க பெங்களூர் போனோம். அத்திப்பள்ளி எல்லையில் வழக்கம்போல லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. பஸ் நகராத ஒன்றேகால் மணி நேரமும் அவன் எனக்குப் பாடம் நடத்தினான். சர்வோவை இரண்டு விஷயம் பார்த்து வாங்க வேண்டுமாம். ஒன்று பலம்: அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் எத்தனை கிலோ தூக்குகிறது. இன்னொன்று வேகம்: கை அறுபது டிகிரி திரும்ப எவ்வளவு நேரம். பலமானது பொதுவாக மெதுவாகத் திரும்பும், வேகமானது பலமாக இருக்காது. ஸ்டியரிங்குக்குப் பலம் வேண்டும், அதுவும் உள்ளே உலோகப் பல்சக்கரம் வைத்தது. த்ராட்டிலுக்கு நைலான் பல்சக்கரம் போதும். நான் குறிப்பெடுக்காமல் கேட்டேன். இருந்தும் இன்றுவரை மறக்கவில்லை. குறிப்பெடுத்த எத்தனையோ மந்திரிகளின் பேச்சு மறந்துவிட்டது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. கடைக்காரர் மாதேஷின் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தி, "எரடக்கூ மெட்டலே ஹாக்கி சார்" என்றார். இரண்டுக்கும் மெட்டலே போட்டுவிடுங்கள் என்கிறார். பிறகு அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, "ஆதரே ஒந்தே இதே" என்றார். ஆனால் ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த சரக்கு தசராவுக்குப் பிறகுதான். யோசனையும் அவரே சொன்னார், அதைக் கெடுத்ததும் அவரே. ஒரு மெட்டல் கியர், ஒரு நைலான். வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

பஸ்ஸில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மெட்டல் ஸ்டியரிங்குக்கு. சந்தேகத்தை வீட்டில் சுடலைதான் தொடங்கிவைத்தான்.

சுடலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வேலையே இயந்திரங்களை நிறுத்துவது. ஒவ்வொரு இயந்திரத்திலும் சிவப்புப் பொத்தான் வேலை செய்கிறதா என்று வாரம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பான். வீட்டுக்கு வந்தாலும் மிக்ஸியை அணைத்த பிறகு ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் மூடியைத் திறப்பான். இரண்டு சர்வோவையும் பார்த்தவுடன் அவன் கேட்டது, "பிரேக்கு எதுல இருக்கு?"

"த்ராட்டில் சர்வோவுல" என்றான் மாதேஷ்.

"அப்பம் நல்லத அதுலல்லா போடணும்."

"இல்ல சுடல, கல்லு மேல ஏறுனா சக்கரம் உதைக்கும். அந்த உதைய ஸ்டியரிங் சர்வோதான் வாங்கும். புஸ்தகத்துலயே அப்படித்தான் போட்டுருக்குது."

"புஸ்தகம் எழுதுனவன் நம்ம யார்டுல ஓட்டுனானா? ஏ மாதேசு, திரும்பாத வண்டிய நிப்பாட்டிரலாம். நிக்காத வண்டியத் திருப்பித் திருப்பி என்ன செய்யப்போற, கோயில் சுத்தவா?"

இது ஞாயிறு. அந்த வாரம் முழுவதும் இதுவே ஓடியது. சமையல், துணி துவைப்பு, தண்ணீர் லாரி வருகை எல்லாவற்றுக்கும் இடையில் ஓடியது. தோசை ஊற்றிக்கொண்டே மாதேஷ் சொல்வான், தோசையைப் பிய்த்துக்கொண்டே சுடலை மறுப்பான்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் அவர்களுடைய தொழிற்சாலைக்குப் போனேன். பூஜை மலருக்கு அவர்கள் தரும் அரைப்பக்க விளம்பரத்தின் வாசகத்தை வாங்க. மனிதவளப் பிரிவு அதிகாரி தொலைபேசியில் இருந்தார். எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காகிதத்தைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். படிக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் படித்து முடித்திருப்போம். ட்ரெய்னிகளை விடுவிக்கும் ஆணை. கீழே பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். நாற்பது. மாதேஷின் பெயர் இருபத்திரண்டாவதாக இருந்தது. பக்கத்தில் ஒரே அளவில் மடித்த உறைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அதிகாரி தொலைபேசியை வைத்துவிட்டு என் கண் போன இடத்தைப் பார்த்தார். காகிதத்தைக் கவிழ்த்தார். கோபப்படவில்லை.

"பார்த்துட்டீங்க. பூஜை முடியட்டும் சார். பண்டிகை நேரத்துல எதுக்கு" என்றார்.

தலையாட்டினேன். விளம்பர வாசகத்தை வாங்கிக்கொண்டேன். "அனைவருக்கும் இனிய ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்." பிழை ஏதும் இல்லை.

விளம்பரத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று நீங்கள் நினைத்தால் அது எளிதான விளக்கம். அப்படி இருந்திருந்தால் எனக்கே ஒரு நிம்மதி. "பூஜை முடியட்டும்" என்பது அந்த நேரத்தில் நியாயமான பேச்சாகக் கேட்டது, அவ்வளவுதான். பைக்கில் திரும்பி வரும்போது உழவர் சந்தையில் தக்காளி வாங்கியது நினைவிருக்கிறது.

மறுநாள் மாலை வாதத்துக்கு முடிவு கட்ட ஒரு சோதனை வைத்தார்கள். நைலான் சர்வோவை ஜன்னல் கம்பியில் கட்டி, அதன் கையில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கயிறு போட்டு, லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தொங்கவிட்டார்கள். ஒரு பாட்டில் ஒரு கிலோ. பாட்டில் பிடிப்பது என் பொறுப்பு. ஒன்றைத் தூக்கியது. இரண்டைத் தூக்கியது. மூன்றை மெதுவாகத் தூக்கியது. நான்காவதைக் கட்டியதும் கொசு அடைபட்டதுபோல் முனகிக்கொண்டு நின்றுவிட்டது.

"மூணு கிலோ. ஒத்த டப்பா வெச்ச வண்டியோட முன்சக்கரத்தத் திருப்ப இது தாராளம். யார்டு சிமென்டுத் தரை. கல்லே கெடையாது. நீ எதுக்குடே கல்லு கல்லுங்க?" என்றான் சுடலை.

மாதேஷ் கயிற்றை அவிழ்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லுணா. எதுல போடறது?"

பட்டியல் எனக்குத் தெரிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. எதில் போட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் மட்டும். யார்டில் குடும்பங்கள் வந்து நிற்கும், குழந்தைகள் ஓடும், வேலைதான் போகப்போகிறது, யார் மேலும் ஏறாமலாவது நிற்கட்டும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போதும் தவறென்று சொல்ல மாட்டேன்.

"சுடலை சொல்றதுதான் சரி. ஜனங்க இருப்பாங்க. பிரேக்குதான் முக்கியம்."

"சரி, நீயே சொல்லிட்ட" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மெட்டல் கியர் த்ராட்டிலுக்குப் போனது. நைலான் ஸ்டியரிங்குக்கு.

இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். வருடம் முழுவதும் அடையாள அட்டை இல்லாமல் நுழைய முடியாத வாசலில் அன்று பட்டுப்புடவைகள் நுழையும். பிரஸ் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசியிருப்பார்கள். சுமை தூக்கும் போர்க்லிப்ட்டின் இரண்டு கொம்பிலும் வாழைக்கன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மாமியார்கள் மருமகள்களிடம் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஐயர் ஒவ்வொரு வண்டியாகத் தீபம் காட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வண்டிச் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

மாதேஷின் லாரிக்கும் தீபம் காட்டினார். மாதேஷ் குனிந்து நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தான். சுடலை ஒன்றைச் சற்று நகர்த்தி நேராக்கினான். நான் படம் எடுத்தேன். கல்லுக்கும் கிலோவுக்கும் டிகிரிக்கும் பத்து நாள் கணக்குப் போட்ட மூன்று பேருக்கும் அந்தப் பழம் ஒரு தடை என்று தோன்றவில்லை. பூஜை போட்ட வண்டி பழத்தின் மேல் ஏறித்தான் கிளம்ப வேண்டும். பஸ்ஸுக்கு என்ன முறையோ அதே முறை முழ நீள லாரிக்கும். பழத்தை வைக்காமல் விடலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் மூன்று பேரும் அவனை ஒரு மாதிரி பார்த்திருப்போம்.

எஞ்சின் உறுமியது. விளக்கெண்ணெய்ப் புகை சாம்பிராணியோடு கலந்தது. பின்சக்கரங்கள் இரண்டு பழத்தையும் ஒழுங்காக நசுக்கின. முன்னால் வலதுபக்கப் பழம் தெறித்து ஓடியது. இடதுபக்கப் பழம் நசுங்கவில்லை, நழுவிச் சக்கரத்துக்கும் முன் பம்பருக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. வண்டி அதையும் இழுத்துக்கொண்டே நேராகப் போனது. பத்தடி போய், கோலத்துக்கு முன்னால் இடது பக்கம் திரும்பி, அதைச் சுற்றிக்கொண்டு மேலாளரிடம் போக வேண்டும். மாதேஷ் ரிமோட்டின் சக்கரத்தைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிவது போல. வண்டி திரும்பவில்லை.

நேராகப் பெரிய கோலத்தின் மேல் ஏறியது. வண்ணப் பொடி இரண்டு பக்கமும் பறந்தது. கோலம் போட்ட பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மேலாளர் பின்னால் நகரவில்லை, நகர அவருக்குத் தோன்றவில்லை போலும். மாதேஷ் பிரேக்கை அழுத்தினான். மெட்டல் கியர் பிடித்தது. மேலாளரின் ஷூவுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. இனிப்பு டப்பா சரிந்தது, விழவில்லை.

மேலாளர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, ரிமோட் வைத்திருந்தவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். பெயர் கேட்டார்.

"மாதேஷ் சார்."

"குட் மாதேஷ். நல்லா நிறுத்தினே."

நான் அதையும் படம் எடுத்தேன். பக்கத்தில் மனிதவள அதிகாரி நின்றிருந்தார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "விளம்பரம் எந்தப் பக்கத்துல சார் வருது?" என்று கேட்டார்.

அன்று மாலை வீட்டில் மாதேஷ் உட்காரவே இல்லை. "பேரு கேட்டாருணா. அவரா கேட்டாரு" என்று மூன்று முறை சொன்னான். சுடலை, "நான் அப்பமே சொன்னம்லா, பிரேக்குதான்னு" என்று அதில் பாதிப் பெருமையை எடுத்துக்கொண்டான். மாதேஷ் ஸ்டியரிங் சர்வோவைக் கழற்றிப் பிரித்துக் காட்டினான். இரண்டாவது சக்கரத்தில் ஒரு பல் இல்லை. "பர்மனென்ட் ஆனதும் மொத வேலை இதுக்கும் மெட்டல்" என்று என் புத்தக அடுக்கின் மேல் வைத்தான்.

படம் மறுநாள் வெளியான பூஜை மலரில் வந்தது. பக்கத்தில் இடம் குறைவு என்று தலைமையகத்தில் ஓரங்களை வெட்டியிருந்தார்கள். லாரி இருந்தது, மேலாளர் இருந்தார், ஒரு முழங்கை இருந்தது.

"மூஞ்சி வர்ல போலக்குதுணா" என்றான் மாதேஷ்.

"இடம் பத்தல" என்றேன்.

"பரவால்ல. அவருக்குத்தான் தெரியுமே."

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய நாளில் நாற்பது பேருக்கும் உறை கொடுத்தார்கள். ஒரே அளவு உறை. அவன் வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சோறு வடித்தான். சுடலை வந்து ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "நீ பேசாத" என்றான். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. இரண்டு நாளில் பெட்டியைக் கட்டினான். லாரியை ஒரு சாக்கில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். நான்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டேன்.

கிருஷ்ணகிரி பஸ் கிளம்ப நேரமிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாக்கை மடியில் வைத்திருந்தான். நான் கீழே நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாணா?"

"கேளு."

"கோலத்து மேல ஏத்துனது அவங்களுக்குப் புடிக்கல போலக்குது. பூஜையில அபசகுனம் மாதிரி. சிரிச்சாரு, ஆனா மனசுல வெச்சுட்டாரு. இல்லன்னா நாப்பதுல என்னையாச்சும் நிக்க விட்டிருப்பாரு. மெட்டல ஸ்டியரிங்குக்கே போட்டிருந்தா திரும்பியிருக்கும் இல்ல?"

"பழம் சிக்கினதுக்கு மெட்டல்னா தாங்கியிருக்கும்."

"அதான் சொல்றேன். சுடல பேச்சக் கேட்டிருக்கக் கூடாது. ஸ்டியரிங்குக்கே போட்டிருக்கணும். இல்லையாணா?"

உறைகள் பூஜைக்கு முன்பே மடித்தாகிவிட்டன, நாற்பது பேருக்கும். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த மாதிரி வாக்கியங்கள் எழுதுவதுதான் என் பிழைப்பு. சொன்னால் அடுத்து அவன் கேட்கும் கேள்வி என்னைப் பற்றியதாக இருக்கும்.

"போட்டிருக்கலாம்" என்றேன்.

பஸ் கிளம்பியது. அவன் கையசைத்தான். நானும் அசைத்தேன். வரும் வழியில் சானமாவில் யானைகள் இறங்கியிருப்பதாகத் தொலைபேசி வந்தது, அங்கே போய்விட்டேன்.

மாதேஷின் எண் ஒரு வருடம் கழித்து வேறு யாரிடமோ போய்விட்டது. எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். அந்தத் தொழிற்சாலை இப்போது ஒரு கிடங்கு, வாசலில் பார்சல் வண்டிகள் நிற்கின்றன. மத்திகிரி வீட்டை இடித்து நான்கு மாடி கட்டியிருக்கிறார்கள். பூஜை மலர் வருவதில்லை. சுடலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை மாறிப் போனான். பொங்கலுக்கு மட்டும் கூப்பிடுவான். போன பொங்கலுக்கும், "அவன் பேசுனானா அண்ணாச்சி?" என்றான். இல்லை என்றேன். "அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றான். அங்கே மழை உண்டா என்று கேட்டேன்.

இழுப்பறையிலிருந்து அது கிடைத்த அன்று, சும்மா கைப்பேசியில் சர்வோ என்று போட்டுத் தேடிப் பார்த்தேன். ஸ்டியரிங் சர்வோக்கள் வரிசையாக வந்தன. எல்லாம் மெட்டல் கியர். த்ராட்டில் சர்வோ தேட வேண்டியிருந்தது. இப்போது வரும் லாரிகள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுகின்றனவாம். ஓடவும் நிற்கவும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை போதும். விளக்கெண்ணெய் இல்லை, புகை இல்லை, வண்டிக்கு ஒரே சர்வோ. நல்லதை எதற்குப் போடுவது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சர்வோவின் கையை இன்னொரு முறை திருப்பிவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். அந்தக் கேள்வியே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. அதற்குத் தப்பான விடை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேர் மட்டும் இரண்டு ஊரில் இருக்கிறார்கள்.